சாயர்புரத்துச் செம்மண்ணில் நித்தியகல்யாணி

வீட்டு முற்றத்தில் நான்கு பூச்செடிகள் நின்றால், அவ்வீட்டிற்கே ஒரு தனி ஒளி உண்டாகிறது. மாதாவின் சுரூபத்திற்கு முன்னே வைக்க ஒரு பிடி மலர், பெரியோரின் கல்லறையில் சாத்த ஒரு சிறு மாலை, குழந்தைகள் கண்டு களிக்க ஒரு வண்ணத்துப்பூச்சி, இவையெல்லாம் அந்நான்கு செடிகளால் கிடைக்கும் நன்மைகள். ஆயினும், சாயர்புரம், ஏரல், புதுக்கோட்டை முதலிய ஊர்களில் வாழும் நம் தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "இந்தச் செம்மண்ணிலும் வெயிலிலும் என்ன பூ பிழைக்கும்? கொடைக்கானலில் பார்த்தோமே, அதுவல்லவா பூ!" என்பதே அக்குறை.

கொடைக்கானலிலும் உதகையிலும் வீட்டு வாசல்தோறும் தொட்டிகளில் சிவப்பும் வெண்மையும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்கும் ஜெரேனியத்தைக் கண்டு மயங்காதவர் யார்? கோடை விடுமுறைக்குச் சென்று திரும்புவோர் அச்செடியை விலை கொடுத்து வாங்கி, பேருந்தில் மடிமேல் வைத்துப் பத்திரமாக ஊருக்குக் கொண்டு வருகின்றனர். சித்திரை, வைகாசி வெயிலில் அது வாடுகிறது. ஐப்பசி அடைமழையில் தண்டு அழுகி மாய்கிறது. வளர்த்தவருக்கு மனவருத்தமே மிஞ்சுகிறது. இதில் செடியின் குற்றமும் இல்லை. வளர்த்தவரின் குற்றமும் இல்லை. அது பிறந்த நிலம் வேறு, நாம் நட்ட நிலம் வேறு என்பதே காரணம்.

கொக்கின் அலகும் குளிர்நாட்டு வேரும்

ஜெரேனியம் என்னும் பெயர், கொக்கு இனப் பறவையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் காய் கொக்கின் நீண்ட அலகைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. தொட்டிகளில் நாம் காணும் மலைநகரச் செடியோ, உண்மையில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பெலார்கோனியம் என்னும் உறவினம். 1789ஆம் ஆண்டில் லெரித்தியே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலறிஞர் அதனைத் தனிப் பேரினப் பெயருடன் பிரித்து வைத்த போதிலும், மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. நறுமண எண்ணெய்க்காக நீலகிரியிலும் பழனி மலையிலும் பயிராகும் ஜெரேனியமும் இந்தப் பெலார்கோனியமே.

மெய்யான ஜெரேனியம் குளிர்நாடுகளின் பல்லாண்டுச் செடி. பனி உறையும் மாதங்களில் அதன் இலையும் தண்டும் மடிந்துபோகும். வேர் மட்டும் மண்ணுக்குள் உறங்கும். இளவேனில் வந்ததும் மீண்டும் துளிர்க்கும். ஆதலின் ஐரோப்பியத் தோட்டக்காரர் அதனை 'வன்மையுள்ள செடி' எனப் போற்றுவர். நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் கூட இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு சிறு காட்டுச்செடி தானாக வளர்கிறது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. வன்மை என்பது எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. பனியைத் தாங்குவது அங்கே வன்மை. வெயிலைத் தாங்குவது இங்கே வன்மை. ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு சோதனையை வைத்த இறைவன், அச்சோதனையை வெல்லும் ஒரு செடிக்கும் அங்கே இடம் வைத்துள்ளார்.

இருவகை நிலம் கண்ட போப்பையர்

சாயர்புரம் என்னும் பெயர் சாமுவேல் சாயர் என்பவரின் நினைவாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ மக்கள் குடியேறி வாழ அவர் வாங்கிக் கொடுத்த நிலமே இவ்வூர். 1840களில் இவ்வூருக்கு வந்து கல்விச்சாலை அமைத்தவர் ஜி. யு. போப் ஐயர். அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவராயினும், 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட அப்பெரியாரைத் தமிழர் அனைவரும் தமக்குரியவராகவே கொண்டாடுகின்றனர். இவ்வூர்க் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

போப் ஐயர் பின்னர் உதகமண்டலத்திலும் பள்ளி நடத்தினார். பனைமரங்கள் சூழ்ந்த செம்மண் காட்டிலும், மேகம் தவழும் மலையிலும் ஒரே மனிதர் வாழ்ந்து தொண்டு செய்தார். மனிதன் இடம் பெயர்ந்து வாழலாம். செடிகளுக்கு அவ்வளவு எளிதன்று. தூத்துக்குடிப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றுமே. இந்நிலையிலும் ஆண்டு முழுவதும் பூக்கும் பல்லாண்டுச் செடி ஒன்று நமக்கு உண்டா? உண்டு. அதுவே நித்தியகல்யாணி.

இகழப்பட்ட ஒரு செடி

நித்தியகல்யாணியை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால், பலர் அதனை 'சுடுகாட்டு மல்லி' என்றும், 'கல்லறைப் பூ' என்றும் அழைத்து, வீட்டில் வளர்க்கத் தயங்குகின்றனர். மலையாள நாட்டில் அதற்குச் 'சவம்நாறி' என்றே ஒரு பெயர். இலங்கைத் தமிழர் பட்டிப்பூ என்பர். தண்ணீர் ஊற்றுவாரின்றி, காப்பாரின்றி, கல்லறைத் தோட்டத்திலும் வேலியோரத்திலும் அது தானே முளைத்துப் பூத்தது. அதனாலேயே அதற்கு இந்த இழிபெயர் வந்து சேர்ந்தது. எவரும் வேண்டாத இடத்தில் நின்று பூத்தது அதன் குற்றமாயிற்று!

தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் யாது தெரியுமா? 'கத்தராந்தஸ்'. 1837இல் ஜார்ஜ் டான் என்னும் அறிஞர் இப்பெயரின் கீழ் அதனைச் சேர்த்தார். கிரேக்க மொழியில் 'தூய மலர்' என்பது இச்சொல்லின் பொருள். நாம் சுடுகாட்டோடு சேர்த்துப் பேசுவதை அறிவியல் உலகம் தூய மலர் என்கிறது.

இதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவு. கப்பலேறி உலகின் வெப்பநாடுகளெங்கும் பரவி, நம் கடற்கரைக்கும் வந்து, நம் மண்ணின் செடியாகவே ஆகிவிட்டது. இரண்டு மூன்று அடி உயரம் வளரும். பளபளக்கும் பசிய இலைகள். ஐந்து இதழ் மலர்கள். இளஞ்சிவப்பு, தூய வெண்மை, வெண்மையின் நடுவே செம்புள்ளி என மூவகை நம்மூர்களில் மிகுதி. வெள்ளை இதழ் ஐந்தும் நடுவில் ஒரு சிவந்த கண்ணும் கொண்ட அம்மலரைக் காணும்போது, ஆண்டவருடைய ஐந்து திருக்காயங்கள் நினைவுக்கு வராமற் போகுமா?

வளர்க்கும் முறை

காய் மஞ்சள் நிறமாகத் திரும்பும் வேளையில் பறித்து, நிழலில் ஒரு தாள்மேல் பரப்பி வைத்தால், அது தானே வெடித்துச் சிறுசிறு கருநிற விதைகளைச் சிந்தும். காய் செடியிலேயே வெடிக்க விட்டால் விதை மண்ணில் சிதறிவிடும். பிறகு பொறுக்கியெடுக்க இயலாது.

ஜூலை மாத நடுவில் நாற்றுப் பாவுவது நம் பகுதிக்கு ஏற்றது. ஒரு பழைய மண்தொட்டியில் செம்மண், மணல், நன்கு மக்கிய தொழு எரு ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். விதை மிகச் சிறியதாகையால் சிறிது மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண்போர்வை இடவேண்டும். இவ்விதை இருளிலேயே நன்கு முளைக்கும். ஆகவே ஒரு சாக்கினாலோ பனையோலையினாலோ மூடி, பூவாளியால் நீர் தெளித்து வாருங்கள். ஏறக்குறைய பத்து நாட்களில் முளை தோன்றும். உடனே மூடாக்கை எடுத்துவிட வேண்டும்.

நாற்பத்தைந்து நாள் முதல் அறுபது நாள் வரை வளர்ந்த நாற்றைப் பிடுங்கி நடலாம். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும், செடிக்குச் செடி ஒரு அடியும் இடைவெளி விடுங்கள். பத்து அடி நீளமும் மூன்று அடி அகலமும் உள்ள ஒரு பாத்திக்கு இருபது செடிகள் போதும். மாலை வேளையில் நட்டு, வேர் பிடிக்கும் வரை நாள்தோறும் நீர் விடுங்கள். அதன்பின் வாரத்திற்கு ஒருமுறை அல்லது இருமுறை விட்டால் போதும். நம் கிணறுகளில் நீர் சற்றே உவர்ப்பாயிருந்தாலும் இச்செடி ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

நுனிக்கொழுந்தை ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பல தோன்றிச் செடி புதர்போல் அடரும், பூவும் மிகும். எரு அதிகம் இடவேண்டா. அதிகம் இட்டால் இலை செழிக்கும், பூ குறையும். நிழலில் நடவேண்டா; வெயில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு மலரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அடித்தண்டு கட்டைபோல் முதிர்ந்துவிடும். அப்போது பருவமழைக்கு முன் ஒரு சாண் உயரத்திற்கு வெட்டிவிட்டால் புதிதாய்த் துளிர்க்கும். இளங்கிளை நுனியை அரைச்சாண் நீளம் நறுக்கி ஈரமணலில் ஊன்றியும் புதுச்செடி உண்டாக்கலாம்.

இச்செடிக்குப் பகை வெயிலன்று, தேங்கும் நீரே. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியில் நீர் நின்றால், ஒருவகைப் பூஞ்சணம் பற்றிக் கிளை நுனியிலிருந்து கருகி வரும். ஆகவே பாத்தியை ஒரு சாண் உயர்த்தி அமைத்து, நீர் வடிய வழி செய்யுங்கள். கருகிய கிளையை நலமுள்ள பகுதி வரை வெட்டி எரித்துவிடுங்கள். சில வேளைகளில் இலைகள் மிகச் சிறுத்து, பூக்களும் பச்சையாகிப் போகும். இது தத்துப்பூச்சிகளால் பரவும் நோய், மருந்தில்லை. அத்தகைய செடியை வேரோடு பிடுங்கி அழிப்பதே மற்றச் செடிகளுக்குப் பாதுகாப்பு.

இன்னொரு வசதியும் உண்டு. ஆடுமாடுகள் இதனை மேய்வதில்லை. வேலியில்லாத முற்றத்திலும் அச்சமின்றி வளர்க்கலாம். ஆடு ஏன் இதனை உண்பதில்லை என்பதை அறிந்தால், இச்செடியின் மிகப்பெரிய கதையை நாம் அறிந்தவராவோம்.

இருபத்தைந்து இலைகள்

1952ஆம் ஆண்டில், கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிள் என்பவருக்கு மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமேக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. அதனுள் நித்தியகல்யாணியின் இலைகள் இருபத்தைந்து இருந்தன. அத்தீவு மக்கள் அவ்விலையைக் கொதிக்க வைத்து, நீரிழிவு நோய்க்குக் கஷாயமாகக் குடித்து வந்தனர். அவர் அதனைத் தம் சகோதரரான ஆராய்ச்சியாளர் இராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார்.

இராபர்ட் நோபிள் எலிகளுக்கு அச்சாற்றைக் கொடுத்துச் சோதித்தார். இரத்தத்திலுள்ள சர்க்கரை குறையவில்லை. ஆனால் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. எலிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்துபோயின. "நீரிழிவுக்கு உதவாத இலை" என்று எறிந்துவிடாமல், அவர் இதன் காரணத்தை ஆராய்ந்தார். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே இரத்தப் புற்றுநோய். அவ்வணுக்களைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாகலாம் அன்றோ? அவரும் சார்லஸ் பியர் என்னும் வேதியியலறிஞரும் உழைத்துப் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்க மருந்து நிறுவனமொன்றின் ஆராய்ச்சியாளர்களும் இச்செடியை ஆராய்ந்து வந்தனர். அவர்கள் கண்ட வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

1950களில் ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்றால், பெற்றோர் சில மாதங்களில் அக்குழந்தையை மண்ணுக்குக் கொடுக்கத் தம் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று, குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் வகை இரத்தப் புற்றுநோயில், உயர்ந்த மருத்துவ வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர். இவ்வெற்றி பல மருந்துகள் சேர்ந்து தந்தது. அவற்றுள் தவிர்க்க முடியாத ஒன்று வின்கிறிஸ்டின். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இவ்விரு மருந்துகளும் இடம் பெற்றுள்ளன. 1954இல் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் எழுந்த சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் முதலிய மருத்துவமனைகளில், நம் தமிழ்க் குழந்தைகளும் உரிய காலத்தில் சேர்க்கப்பட்டு நலம் பெறுகின்றனர்.

செடியில் இம்மருந்துப் பொருள் மிக மிகச் சிறிய அளவிலேயே உள்ளது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஆகவே இது வயற்பயிராகவும் ஆயிற்று. தூத்துக்குடி, இராமநாதபுரம், விருதுநகர் முதலிய மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விவசாயிகள் இதனைப் பயிரிட்டு வந்துள்ளனர். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலையை உருவி, ஓராண்டு நிறைந்ததும் செடியை வேரோடு அகழ்ந்து, நிழலில் உலர்த்தி விற்பர். வேரிலிருந்து இரத்த ஓட்டத்திற்குரிய வேறொரு மருந்துப் பொருள் எடுக்கப்படுகிறது. முத்துக்குளிப்பால் பெயர்பெற்ற நம் துறைமுகத்திலிருந்து, சென்னா என்று வணிகர் அழைக்கும் நிலவாகை இலையோடு, நித்தியகல்யாணியின் இலையும் வேரும் கடல் கடந்து சென்றன. கடலின் அடியிலிருந்து முத்து எடுத்த நாடு, மணற்காட்டிலிருந்தும் முத்தொன்றை எடுத்து உலகிற்கு வழங்கியது எனலாம்.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை

இவ்வளவு சிறப்புடைய செடியாயிற்றே என்று எவரும் அதன் இலையையோ பூவையோ வேரையோ கஷாயமிட்டுக் குடிக்கலாகாது. இதனை வலியுறுத்திச் சொல்வது நம் கடமை. "ஐந்து பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும்" என்னும் செய்தி இக்காலத்தில் கைப்பேசி வழியாக வீடுதோறும் உலவுகிறது. பக்கத்து வீட்டு அக்காள் சொன்னார், சம்பந்தி வீட்டார் சொன்னார் என்று பலர் இதனை நம்பிக் குடிக்கின்றனர்.

ஆடு தீண்டாத செடி அது. அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சுடையவை. புற்றணுவைக் கொல்லும் அதே பொருள் நலமுள்ள அணுவையும் தாக்கும். வெள்ளை அணுக்களைக் குறைத்து நோய் எதிர்க்கும் ஆற்றலைக் கெடுக்கும். நரம்புகளைத் தாக்கிக் கைகால்களை மரக்கச் செய்யும். ஆகையால்தான் மருத்துவமனையில், ஒவ்வொரு குழந்தையின் உடலளவையும் கணக்கிட்டு, மில்லிகிராம் கணக்கில், நரம்பூசியாக மட்டுமே வின்கிறிஸ்டினைச் செலுத்துகின்றனர். வீட்டுக் கஷாயத்தில் அவ்வளவை யார் அளப்பது? கருவுற்ற தாய்மார் இதனை அறவே உட்கொள்ளலாகாது. நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு இதனை நம்புவது உயிரோடு விளையாடுவதாகும். குழந்தை எவரேனும் இலையையோ காயையோ மென்று விழுங்கிவிட்டால், காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். செடியைக் கிள்ளியபின் கைகழுவும் வழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள்.

மற்றொன்றும் கூற வேண்டும். குழந்தைக்கு நாட்பட்ட காய்ச்சல், வெளிறிய முகம், காரணமின்றித் தோலில் தோன்றும் கன்றிய தழும்புகள், மூக்கிலோ ஈறிலோ இரத்தம் வடிதல் ஆகியவை காணப்பட்டால், மந்திரித்துக் கயிறு கட்டி நாட்களை வீணாக்க வேண்டா. செபமும் செய்யுங்கள், மருத்துவரிடமும் விரைந்து செல்லுங்கள். இறைவன் செடிக்குள் வைத்த மருந்து, காலத்தோடு சென்றவருக்கே முழுப்பயன் தரும்.

கல்லறையும் ஒரு தோட்டமே

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில் அசிசியாரின் வாழ்விலிருந்து ஒரு செய்தியை நினைவூட்டினார். துறவு மடத்துத் தோட்டத்தின் ஒரு பகுதியை உழாமல் விட்டுவைக்கும்படி புனித பிரான்சிஸ் தம் சகோதரர்களிடம் கேட்டுக்கொண்டார். காட்டுப் பூண்டுகளும் மலர்களும் அங்கே தாமே வளரவேண்டும். அவற்றைக் காண்போர் அவற்றைப் படைத்தவரை நினைத்துப் புகழவேண்டும் என்பது அவர் கருத்து. யாரும் நடாமல் முளைத்த நித்தியகல்யாணிக்கு அந்தப் புனிதரின் தோட்டத்தில் நிச்சயம் இடம் கிடைத்திருக்கும். நம் தோட்டத்தில் ஏன் கிடைக்கலாகாது?

கல்லறையில் பூப்பது என்பதற்காக அதனை வெறுப்போர், யோவான் நற்செய்தியைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். ஆண்டவரின் திருவுடலை வைத்த புதுக்கல்லறை ஒரு தோட்டத்தினுள்ளேதான் இருந்தது. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்ட மகதலா மரியா, அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். கிறிஸ்தவனுக்குக் கல்லறை அச்சம் தரும் இடமன்று. உயிர்ப்பின் நம்பிக்கை விதைக்கப்பட்ட நிலம். மரித்தோர் நடுவே நின்று ஆண்டு முழுதும் வாடாமல் பூத்து, சாவின் வாயிலிலிருந்து குழந்தைகளை மீட்கும் மருந்தையும் தன் இலையில் சுமக்கும் ஒரு செடி, அந்த நம்பிக்கைக்குப் பொருத்தமான அடையாளமன்றோ?

நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாளில், நாம் கடையில் விலை கொடுத்து வாங்கிச் சாத்தும் மாலை மறுநாளே கருகிவிடுகிறது. இவ்வாண்டு ஜூலையில் ஒரு தொட்டியில் நாற்றுப் பாவுங்கள். செப்டம்பரில் நாற்றுகளைப் பிடுங்கி, சிலவற்றை வீட்டு முற்றத்திலும், சிலவற்றை உங்கள் தாய்தந்தையரின் கல்லறை மேட்டிலும் நடுங்கள். மேடான இடமாகையால் மழைநீரும் தேங்காது. நவம்பர் பிறக்கும்போது அங்கே பூ நிற்கும்; அடுத்த கோடையிலும் நிற்கும். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, செடியின் பெயரையும், அதன் கதையையும், அதனைத் தின்னலாகாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். புற்றுநோயால் வருந்தும் குழந்தைகளுக்காகவும், அவர்களைப் பேணும் மருத்துவர், செவிலியருக்காகவும் அங்கேயே ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லிவிட்டு வீடு திரும்புங்கள்.